வேன் அக்கா ஓடிய நாள்

புக்கிட் செலம்பாவில் எங்கள் வீட்டுக்கும் வேன் அக்கா வீட்டுக்கும் நடுவில் ஒரு கம்பி வேலிதான் இருந்தது. அதையும் பின்பக்கத்தில் யாரோ எப்போதோ மடக்கி, ஓர் ஆள் குனிந்து போகிற அளவுக்கு வழி செய்து வைத்திருந்தார்கள். அந்த வழியாகத்தான் கறிவேப்பிலை போகும், கிறிஸ்மஸ் கேக் வரும், என் மகள் நாள் முழுக்கப் போய் வந்துகொண்டிருப்பாள்.

சுற்று வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் வேன் அக்காதான். தோட்டத்துப் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப்போகும் பழைய வேன் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகள், அப்போது பினாங்கில் வேலை. தேவாலயத்தில் அவரை ஞானஸ்நானப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் நான் ஒரு முறைகூட அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அவருக்கு அவசரம் என்பதே வராது. குணம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்லுவேன். நான் வீட்டில் துணி தைத்துக் கொடுப்பவள். தீபாவளிக்கு முந்தின வாரம் எப்படியிருக்குமோ, எனக்கு வருடம் முழுக்க அப்படித்தான் இருக்கும். காலையில் கொதிக்கக் கொதிக்க காப்பி குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்கிறவள் நான். அவர் டம்ளரை வேலிக் கட்டையில் வைத்துவிட்டு, அது ஆறுகிற வரைக்கும் மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்து வீட்டில் இப்படி ஒருவர் இருப்பது எனக்குச் சில நாள் ஆறுதலாக இருக்கும். பல நாள் எரிச்சலாக இருக்கும்.

ஒரு நாள் பள்ளிக்குப் போகிற வழியில், தோட்டத்து வீடொன்றின் முன்னால் வேன் நின்றது. பையனின் ஒரு பக்கக் காலணியை நாய் தூக்கிக்கொண்டு போயிருந்தது. அவன் அம்மா, "பரவால்லக்கா, சிலிப்பரோட போகட்டும்" என்கிறாள். அக்கா எஞ்சினை நிறுத்திவிட்டார். பிள்ளைகளெல்லாம் இறங்கி ரப்பர் மரத்தடியில் காலணி தேடினார்கள். கிடைத்தது. வேன் போய்ச் சேர்ந்தபோது பள்ளியில் மணி அடித்து வகுப்பே தொடங்கிவிட்டது. தலைமையாசிரியர் கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"என்னம்மா இது, எல்லாப் பிள்ளைங்களும் லேட்டு!"

"ஒத்தக் கால்ல ஷூ போட்டுட்டு ஒருத்தன் வந்திருந்தா நாள் பூரா எல்லாரும் அவனப் பாத்துச் சிரிச்சிருப்பாங்க சார். இப்ப எல்லாரும் சேந்து லேட்டு. யாரும் யாரையும் பாத்துச் சிரிக்க மாட்டாங்கல்ல."

இதைச் சொல்லிவிட்டு வேனைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாராம். எனக்குச் சொன்னது அந்தப் பையனின் அம்மாதான். அக்கா இப்படிப்பட்டதையெல்லாம் தானே சொல்லிக்கொள்ள மாட்டார்.

எல்லாக் கதையும் இப்படி நல்லபடியாக முடிந்ததென்று சொல்ல முடியாது. அக்காவின் மகளுக்குப் பக்கத்து ஊரான குருணிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் கப்பலில் வேலை. அடுத்த பயணத்துக்குள் நிச்சயம் பண்ணிவிட வேண்டும் என்றார்கள் அவன் வீட்டார். பெண்ணுக்கும் பிடித்திருந்தது. அக்கா மட்டும், "ரெண்டு பேரும் இன்னும் கொஞ்சம் பேசிப் பாக்கட்டுமே. போற கப்பல் திரும்பி வரத்தான போகுது" என்றார். வந்தவர்கள் பலகாரத் தட்டைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். அந்தப் பையனுக்குக் கூலிமில் வேறு பெண் அமைந்தது. நன்றாகத்தான் இருக்கிறான் என்று கேள்வி. மகள் வெகுநாள் அம்மாவோடு சரியாகப் பேசவில்லை. "வருத்தமா இல்லியாக்கா?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிராமலே, "இருக்கு" என்றார். அவர் செய்தது சரியா தப்பா என்று எனக்கு இன்றும் தெரியாது.

அவருடைய நிதானத்தை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால், வேனின் ரேடியேட்டர் தண்ணீரை மாற்றுகிற ஞாயிற்றுக்கிழமையில் பார்க்க வேண்டும். அதை மட்டும் அவர் பட்டறையில் கொடுக்க மாட்டார். "அங்க சூட்டோட மூடியத் தொறப்பானுங்க. பாதி அழுக்கு உள்ளயே நிக்கும். அவனுங்களுக்கு அடுத்த கஸ்டமர் காத்துக்கிட்டு இருப்பான்" என்பார். பூசை முடிந்து வந்ததும் தேவாலயத்துக்குக் கட்டிய சேலையை மடித்து வைத்துவிட்டு, பழைய பாஜுச் சட்டையும் கைலியுமாகப் பின்பக்கம் வருவார். அந்த வேனில் முன் சீட்டைத் தூக்கினால்தான் எஞ்சின் தெரியும். சீட்டைத் தூக்கி, ரப்பர் குழாயைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். காய்ச்சல்காரப் பிள்ளையின் கழுத்தைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருக்கும். இன்னும் சூடென்றால் போய் வெங்காயம் உரிப்பார். திரும்பி வந்து தொடுவார்.

நன்றாக ஆறிய பிறகுதான் மூடியைத் திறப்பார். அடியில் பெரிய பிளாஸ்டிக் பேசினை வைத்து, கீழே இருக்கிற திருகைத் தளர்த்துவார். எஞ்சின் சூட்டைத் தணிக்கிற பழைய கூலண்ட் வடியும். அவர் வேனுக்கு ஊற்றியது சிவப்பு. பழசானதும் ரோஸ் சிராப்பில் தேத்தண்ணீரைக் கலந்த மாதிரி ஒரு நிறத்தில் வரும். வடிந்து முடிந்ததும் திருகை இறுக்கி, ஹோஸில் வெறும் தண்ணீர் நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடியும் ஆறவிட்டு, மறுபடியும் வடிப்பார். வெளியே வருகிற தண்ணீர் குடிதண்ணீர் மாதிரித் தெளிகிற வரைக்கும் இதேதான். புதுக் கூலண்டை ஊற்றி, உள்ளே இருக்கிற காற்றெல்லாம் குமிழியாக வந்து அடங்குகிறதா என்று மூடாமல் பார்த்துக்கொண்டே நிற்பார். பொழுது சாய்ந்துவிடும்.

வடித்த பேசினுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்பாக இருந்தது.

"அழுக்குத் தண்ணிக்கு எதுக்குக்கா காவல்?"

"இது இனிக்கும்மா. நாயி, பூனை எல்லாம் வந்து நக்கும். சின்னப் புள்ளைங்களும்தான். உள்ள போச்சுன்னா கிட்னிய அடிச்சுரும்."

கேனில் ஊற்றி மூடி, பட்டறையின் பழைய எண்ணெய்த் தொட்டிக்கு எடுத்துப் போகிற வரைக்கும் அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

அவர் கையில் முழங்கைக்குக் கீழே ஒரு சுட்ட தழும்பு இருந்தது. சூட்டோடு ரேடியேட்டரைத் திறந்து பட்டுக்கொண்டார், அதிலிருந்துதான் இந்த நிதானம் என்று நானாகவே ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். கேட்டபோது கெக்கெக்கென்று சிரித்தார். "இதுவா? கெரோப்போக் அப்பளம் பொரிச்ச எண்ணெய். நான் பொறந்ததே இப்படித்தான்லா. வலி எடுத்து ரெண்டு நாள் எங்கம்மாவப் படுத்தி வச்சுட்டுத்தான் வெளியவே வந்தேனாம்."

அக்கா ரேடியேட்டர் தண்ணீரை வடித்த அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை, என் கணவர் குருண் தொழிற்சாலையில் ஓவர்டைம். எங்கள் காரை அவர் எடுத்துப் போயிருந்தார். நான் அடுப்பில் கோழியை வைத்துவிட்டுத் தையலில் உட்கார்ந்திருந்தேன். மகளுக்கு அப்போது மூன்றரை வயது. வேலி ஓட்டை வழியாக அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். அங்கே இருக்கிறாள் என்றால் எனக்குக் கவலையே கிடையாது.

முன் கேட்டில் ஹாரன் சத்தம் கேட்டது. மளிகைக்கடை நானா, அக்காவுக்குச் சமையல் கேஸ் தோம்பு கொண்டு வந்திருக்கிறார். வயதில் மூத்த தமிழ் முஸ்லிம் கடைக்காரரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம். அக்கா பேசினுக்குப் பக்கத்திலிருந்து எழுந்து முன்பக்கம் போய்க் கேட்டைத் திறந்துவிட்டார். தோம்பை அடுப்படியில் இறக்கி மாட்டுகிற வரைக்கும் கூடவே நின்றிருக்கிறார். அவ்வளவு நேரம்தான்.

குளிக்கக் கூப்பிடலாமென்று நான் பின்பக்கம் வந்தேன். மகள் பேசினுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் சிராப் வாங்குகிற பிளாஸ்டிக் பை, அதில் உறிஞ்சுகுழாய். பையில் பாதிக்குச் சிவப்புத் தண்ணீர். அவள் வாய், முகவாய், சட்டையின் முன்பக்கம் எல்லாம் சிவப்பு.

நான் கத்திய கத்தலில் அக்கா வந்து நின்றார். பையைப் பார்த்தார், பேசினைப் பார்த்தார், பிள்ளையின் வாயைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் கீழே இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். நான் பிள்ளையைக் கவிழ்த்து வாய்க்குள் விரலை விடப் போனேன்.

"வேணாம். வாந்தி எடுக்க வைக்காத. கைய எடும்மா" என்று என் மணிக்கட்டைப் பிடித்தார். பிறகு அவள் முன்னால் உட்கார்ந்து, "பாப்பா, குடிச்சியா?" என்றார்.

"குடிச்சேன்."

"என்ன குடிச்ச?"

"செவப்புத் தண்ணி."

ஆம்புலன்ஸ் சுங்கைப் பட்டாணியிலிருந்து வந்து திரும்ப வேண்டும். வேனிலேயே போனால் அது வருகிற நேரத்துக்குள் நாமே போய்ச் சேர்ந்துவிடலாம். எனக்குத் தோன்றியது அவருக்கும் தோன்றியிருக்கிறது. ஆனால் வேன் ரேடியேட்டரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நானா அதற்குள் தன் மோட்டார் சைக்கிளில் அடுத்த கம்பத்து வீடுகளுக்குப் போயிருந்தார். பக்கத்து வீடுகளில் அன்று கார் எதுவும் இல்லை.

"அப்படியே எடுங்கக்கா! எஞ்சின் போனாப் போகுது!"

அவர் வேனுக்கு அடியில் கையை விட்டுத் திருகை இறுக்கிக்கொண்டிருந்தார். "எஞ்சினுக்காக இல்ல. காலியா எடுத்தா பாதி வழியில நின்னுரும். நடு ரோட்டுல புள்ளையத் தூக்கிக்கிட்டு எங்க ஓடுவ? போ, உன் ஐசி, பாப்பாவோட மைகிட், ரெண்டு அடையாளக் கார்டையும் எடுத்துட்டு வா. அடுப்ப அணை. ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு இன்ன மாதிரி வர்றோம்னு சொல்லு."

எல்லாம் செய்துவிட்டு வந்தேன். அவர் ஹோஸை ரேடியேட்டரில் வைத்துக்கொண்டு நிற்கிறார். தண்ணீர் குபுக் குபுக்கென்று உள்ளே இறங்குகிறது. குமிழி வருகிறது, அடங்குகிறது, மறுபடியும் வருகிறது. அவர் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மகள் என் இடுப்பில் இருந்தபடி, "தண்ணி பாட்டு பாடுது" என்கிறாள். எனக்குள் ஏதோ அறுந்தது.

"உங்க புள்ளையா இருந்தா இப்படி நிப்பீங்களா?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குமிழி நின்றதும் மூடியை அழுத்தித் திருகினார், சீட்டை இறக்கினார், புதுக் கூலண்ட் கேனை எடுத்து என் காலடியில் வைத்தார். "டாக்டர் என்ன மருந்துன்னு கேப்பாங்க. லேபிளக் காட்டணும்" என்றார். வேன் கிளம்பியது.

அந்தப் பயணத்தில் எனக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது அவருடைய வேகம்தான். பிள்ளைகளை ஏற்றிப் போகிற அதே வேகத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. வளைவுகளில் மோட்டார்கள் எங்களைத் தாண்டிப் போயின. வெப்பமுள் மெல்ல ஏறி நடுவில் வந்து நின்றது. அதை விட்டு அவர் கண்ணை எடுக்கவில்லை. வாய் மட்டும் மகளோடு பேசிக்கொண்டே வந்தது. முன்னால் போகிற லாரியில் என்ன ஏற்றியிருக்கிறார்கள், அந்த மாடு எங்கே போகிறது, தூக்கம் வருதா, தலை சுத்துதா, தூங்காத பாப்பா, அத்தைக்கு வழி சொல்லு. மகள் பொறுப்பாக, "நேரா போங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேன் வழியில் எங்கேயும் நிற்கவில்லை.

மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு முன்னால் வண்டியை நிறுத்தியதும் நான் இறங்கப் பார்த்தேன். காலடியில் இருந்த கேன் இடறிக் கதவைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் என் கையிலிருந்து பிள்ளை போய்விட்டாள். நிமிர்ந்து பார்த்தால் வேன் அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்.

அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. மழைக்குத் துணி எடுக்கக்கூட அவர் நடந்துதான் போவார். கனத்த உடம்பு. கைலியை ஒரு கையால் வாரிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். ஒரு சிலிப்பர் கழன்று தாரில் கிடந்தது. வாசலில் நின்ற காவலர் தானாக ஒதுங்கி வழிவிட்டார். உள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்டது. மலாயும் தமிழும் கலந்து, உடைந்த குரல். "டொலோங்! புடாக் மினும் கூலண்ட்! காப்பாத்துங்க! கூலண்ட் குடிச்சுட்டா டாக்டர், சின்னப் புள்ள!"

நான் கேனைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

மருத்துவர் ஓர் இளம் மலாய்க்காரப் பெண். கேனின் லேபிளைப் படித்தார், வாந்தி எடுக்க வைத்தீர்களா என்று கேட்டார், இல்லை என்றதும் நல்லது என்றார். ரத்தம் எடுத்தார்கள். கையில் டிரிப் குழாய் போட்டார்கள். ரத்தப் பரிசோதனை வர வேண்டும், சிறுநீரும் பார்க்க வேண்டும், எவ்வளவு குடித்தாள் என்று தெரிந்தால் உதவியாக இருக்கும் என்றார். அதைத்தான் எங்களால் சொல்ல முடியவில்லை.

கணவர் குருணிலிருந்து சீருடையோடு வந்து சேர்ந்தார். அவருக்குப் பின்னாலேயே மளிகைக்கடை நானா, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல். கம்பத்தில் செய்தி கேட்டு மோட்டாரைத் திருப்பியிருக்கிறார்.

"யா அல்லா, நான்தாம்மா குடுத்தேன்!" என்றார் வந்ததும். "சிராப்பு! எனக்குன்னு வாங்கி மோட்டார்ல மாட்டி வச்சிருந்தேன். அக்கா அடுப்படிக்குப் போனதும் கேட்டுல நின்னு ஆசையா பாத்துச்சு, குடுத்துட்டேன். தோம்ப எறக்கிட்டு வர்றேன், ஒரு சொட்டு பாக்கி இல்லாம உறிஞ்சுட்டு ஐஸ மென்னுக்கிட்டு இருந்துச்சு. வாயெல்லாம் செவப்பு. காலிப் பையத் தூக்கிக்கிட்டுத்தான் பின்னால போச்சு, நான் பாத்தேன்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வாயில் இருந்த சிவப்பு சிராப்பாக இருக்கலாம். ஆனால் பையில் இருந்தது சிராப் இல்லை. அதை அவள் உறிஞ்சினாளா இல்லையா? மகளைக் கேட்டால், "செவப்புத் தண்ணி இனிப்பா இருந்துச்சு" என்றாள். இரண்டுமே இனிக்கிற தண்ணீர்தான்.

வேன் அக்கா சுவரோரம் பெஞ்சில் ஒற்றைச் சிலிப்பரோடு உட்கார்ந்திருந்தார். மடியில் வைத்திருந்த கையில் வேன் சாவி. அந்தச் சாவிக்கொத்து விடாமல் கிணுகிணுவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேனுக்குப் பக்கத்தில் நின்று நான் கேட்ட கேள்விக்கு அவர் அப்போதுதான் பதில் சொன்னார்.

"என் புள்ளையா இருந்தா தண்ணி ஊத்தாம எடுத்திருப்பேன்மா. பாதி வழியில நின்னே போயிருப்பேன். உன் புள்ளையா இருக்கவும்தான் பயந்து பயந்து ஊத்துனேன்."

சாவியோடு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். சத்தம் நின்றது.

ரத்தப் பரிசோதனை முடிவு சாயங்காலம் வந்தது. எந்தக் கெடுதலும் தெரியவில்லை என்றார் மருத்துவர். ஆனால் முகத்தை இன்னும் தளர்த்தவில்லை. கிட்னி நன்றாக வேலை செய்கிறதென்றால் சிறுநீர் தாராளமாக வர வேண்டும், அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று தாதியிடம் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கொடுத்து அனுப்பினார்.

அதிலிருந்து ஆரம்பித்தது எங்கள் கூத்து. மகளைக் கழிப்பறையில் உட்கார வைத்துவிட்டு நான் ஒரு பக்கம், கணவர் ஒரு பக்கம். "ஸ்ஸ்ஸ்... பாப்பா, போ கண்ணு, கொஞ்சம், கொஞ்சூண்டு." வராது. குழாயைத் திறந்து விட்டுத் தண்ணீர்ச் சத்தம் காட்டினோம். வராது. பொம்மை வாங்கித் தருகிறேன் என்றார் கணவர். வெளியே நின்றபடி நானா சாக்லேட் பெட்டி என்றார். இத்தனை பெரியவர்கள் தன் மூத்திரத்துக்காகக் கெஞ்சுவதைப் பார்த்து மகள் மிரண்டு, உதட்டைப் பிதுக்கி அழவே ஆரம்பித்துவிட்டாள். கணவருக்கோ நேரம் போகப் போகப் பயம். "வரவே மாட்டேங்குதே, கிட்னியில ஏதாச்சும்..." என்று என் காதில் முணுமுணுத்தார்.

அக்கா எழுந்து வந்தார்.

"எல்லாரும் வெளிய போங்க."

"இல்லக்கா, டாக்டரு..."

"டாக்டரம்மா காத்திருப்பாங்க. போங்கய்யா வெளிய."

கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் நடைபாதையில் நின்றோம். உள்ளேயிருந்து ஸ்ஸ் சத்தம் இல்லை, கெஞ்சல் இல்லை. மாட்டைப் பற்றி என்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள், வரும்போது பார்த்த மாடு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்குமா இல்லையா என்று. கொஞ்ச நேரம் பேச்சு. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. நானா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். கணவர் கதவில் கை வைத்தார், நான் இழுத்துவிட்டேன். மறுபடியும் பேச்சு. மகள் சிரித்தாள். அப்புறம் அக்காவின் "ஐயோ! ஐயையோ!" என்ற கூச்சல்.

கதவு திறந்தது. பாஜுவின் முன்பக்கம், கைலி, கை, எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்து நின்றார் வேன் அக்கா. கிண்ணத்தில் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. மற்றதெல்லாம் அவர் மேல்.

"மடியில உக்காந்துக்கிட்டே போயிட்டா!" என்றார். "இவ்ளோ! ஆறு மாதிரி! கிட்னியெல்லாம் ஜோரா இருக்குலா!"

நடைபாதையில் போகிறவர்கள் நின்று பார்க்க, கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழிய, அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். என் கணவர் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மருத்துவர் சத்தம் கேட்டு வெளியே வந்தார். அக்காவை மேலிருந்து கீழே பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், அன்று முதல் முறையாக அவரும் சிரித்தார்.